ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் போட்டோவும் கையெழுத்தும்: பிக்சல், சென்டிமீட்டர், கேபி மூன்றையும் சரியாக அமைக்க முழு வழிகாட்டி

வங்கித் தேர்வோ அரசுத் தேர்வோ, விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களையும் நிரப்பிவிட்டு, போட்டோ ஏற்றும் இடத்தில் வந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ‘படத்தின் அளவு சரியில்லை’ என்று சிவப்பு எழுத்தில் வரும். எந்த அளவு என்று பெரும்பாலும் சொல்லாது. கடைசி நாள் மாலையில், தளம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், யாரோ ஒருவர் அவசரமாக இழுத்து நசுக்கி ஏற்றிய படம்தான் பிறகு ஹால் டிக்கெட்டில் அகன்ற முகமாக வந்து நிற்கிறது. மாதக்கணக்கில் படித்த பிள்ளைகள் ஒரு படத்தால் தடுமாறுவதைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை. இத்தனைக்கும் விஷயம் தெரிந்தால் அரை மணி நேர வேலைதான் இது.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று. அறிவிப்பில் ‘அளவு’ என்று எழுதியிருப்பது மூன்று வெவ்வேறு விஷயங்களாக இருக்கலாம். அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

மூன்று அளவுகள்

முதலாவது, பிக்சல். செல்போனில் எடுத்த படம் 3000 × 4000 என்றால், குறுக்கே 3000 புள்ளிகள், நெடுக்கே 4000 புள்ளிகள். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம். ‘12 மெகாபிக்சல்’ என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். படத்தில் உண்மையில் இருக்கும் விவரம் இந்தப் புள்ளிகள் மட்டுமே.

இரண்டாவது, காகிதத்தில் விழும் அளவு. 3.5 × 4.5 செ.மீ. என்பது இந்த வகை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் படத்துக்குச் சென்டிமீட்டர் கிடையாது. அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளை அடைப்பது என்று முடிவு செய்தால்தான் சென்டிமீட்டர் பிறக்கிறது. அந்த எண்ணிக்கைதான் டிபிஐ. ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதால் கணக்கு சுலபம்: சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து, டிபிஐ-யால் பெருக்கினால் பிக்சல் கிடைக்கும். 3.5 செ.மீ. அகலத்தை 300 டிபிஐ-யில் அச்சிட 413 பிக்சல் வேண்டும். 4.5 செ.மீ. உயரத்துக்கு 531.

மூன்றாவது, கோப்பின் எடை. கேபி, எம்பி என்று சொல்வது. அதே 3000 × 4000 படத்தை எந்தச் சுருக்கமும் இல்லாமல் வைத்தால் ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று) 36 எம்பி ஆகும். ஆனால் போனில் அது சில எம்பி மட்டும்தான் காட்டுகிறது. ஜேபெக் என்ற சுருக்கும் முறை செய்யும் வேலை அது. 1992-இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, நம் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. எவ்வளவு தூக்கிப் போடலாம் என்பதை நாம் ‘குவாலிட்டி’ என்ற எண்ணால் சொல்கிறோம்.

இதனால் ஒரே பிக்சல் எண்ணிக்கை உள்ள இரண்டு படங்கள் வெவ்வேறு கேபி இருக்கலாம். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் எடை குறைவு. பின்னால் வேப்ப மரமும் உடம்பில் பொடிக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தால் எடை கூடும்.

டிபிஐ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கோப்புக்குள் எழுதி வைக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. 72 என்றிருப்பதை 300 என்று மாற்றினால் படம் ஒரு துளிகூடத் தெளிவடையாது, பிக்சலும் மாறாது. ‘டிபிஐ கூட்டித் தருகிறோம்’ என்று காசு வாங்கும் இடங்களில் உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

படி 1: அறிவிப்பில் எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பிக்சல், செ.மீ., கேபி. அறிவிப்பில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அறிவிப்புகளில் வழக்கமாக வரும் அளவுகள் இவை. உங்கள் தேர்வுக்கான அறிவிப்பில் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

- போட்டோ: 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி
- கையெழுத்து: 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி
- இடது பெருவிரல் ரேகை: 240 × 240 பிக்சல், 200 டிபிஐ, அதாவது 3 × 3 செ.மீ., 20 முதல் 50 கேபி
- கையால் எழுதிய உறுதிமொழி: 800 × 400 பிக்சல், 200 டிபிஐ, அதாவது 10 × 5 செ.மீ., 50 முதல் 100 கேபி

மேலே சொன்ன கணக்கை ரேகைக்குப் போட்டுப் பாருங்கள். 3 செ.மீ.யை 2.54-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால் 236. அதை முழு எண்ணாக்கி 240 என்று வைத்திருக்கிறார்கள். 10 செ.மீ.க்கு 787 வரும், 800 ஆக்கியிருக்கிறார்கள். ஆக, பிக்சலும் செ.மீ.யும் இங்கே ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது வந்துவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பிக்சல் எண்களுக்குப் பக்கத்தில் ‘விரும்பத்தக்கது’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். கேபி எல்லைக்கு அப்படி எந்தச் சலுகையும் இருக்காது. அதாவது பிக்சல் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், கேபி எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும். இந்த வேறுபாடு கையெழுத்து விஷயத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

படி 2: பெரிய படமாக எடுங்கள்

பகல் வெளிச்சத்தில், வெளிர் நிறச் சுவருக்கு ஓர் அடி முன்னால் நின்று, வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டி நின்றால் தலையின் நிழல் விழும். செல்ஃபி வேண்டாம்; கை தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். தேர்வு அறையிலும் நேர்முகத்திலும் இந்தப் படத்தை வைத்துத்தான் உங்கள் முகத்தை ஒப்பிடுவார்கள். தோலை வழவழப்பாக்கி, தாடையை ஒடுக்கிய படம் அங்கே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

பழைய சின்னப் படத்தைப் பெரிதாக்குவதும் அதே வகைதான். பெரிதாக்கும்போது கம்ப்யூட்டர் இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்புகிறது. ஏஐ கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கண்ணிமையையும் பல்லையும் புதிதாக வரைந்துவிடும். அடையாளத்துக்கான படத்தில் அது கூடவே கூடாது.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பிக்சலைக் குறைத்து மறுபடி சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது கேபிள் போடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் படங்களை ஹெயிக் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. விண்ணப்பத் தளங்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. கேமரா செட்டிங்ஸில் ‘ஃபார்மட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டு எடுங்கள். கோப்பின் பெயரில் மட்டும் ஜேபிஜி (ஜேபெக் கோப்புகளின் பெயர் முடிவு) என்று மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறாது.

படி 3: முதலில் வெட்டுங்கள், இழுக்காதீர்கள்

முகம் அகன்றுபோகும் தவறு இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்டுடியோவில் கிடைக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம் 3.5 × 4.5 செ.மீ. அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.78. தேர்வுக்குக் கேட்கும் 200 × 230-இல் அதே கணக்கு 0.87. இரண்டும் ஒரே வடிவம் இல்லை! ஸ்கேன் செய்த பாஸ்போர்ட் படத்தை அப்படியே 200 × 230 என்று மாற்றினால், முகம் உயரத்தோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 12 சதவீதம் அகன்றுவிடும். ஒல்லியானவர் குண்டாகத் தெரிவார்.

சரியான வழி, உயரத்தை வெட்டுவது. 3.5 செ.மீ. அகலத்தை அப்படியே வைத்தால் உயரம் 4 செ.மீ.க்குச் சற்று மேல் போதும். மீதி அரை செ.மீ.யைக் கீழே, மார்புப் பகுதியில் வெட்டிவிடுங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

போனில் எடுத்த படமாக இருந்தால் இன்னும் சுலபம். விண்டோஸில் உள்ள பெயின்ட் செயலியில் படத்தைத் திறந்து செலக்ட் கருவியால் முகத்தைச் சுற்றிக் கட்டம் இழுங்கள். திரையின் அடிப்பக்கத்தில் கட்டத்தின் பிக்சல் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். அது 2000 × 2300 அல்லது 1000 × 1150 என்று வரும் இடத்தில் நிறுத்தி, ‘கிராப்’ கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் செயலியில் கிராப் கருவியின் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ பெட்டியில் 20:23 என்று தட்டிவிட்டால், எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. நான் ஜிம்ப்பைத்தான் சிபாரிசு செய்வேன். அடுத்த இரண்டு படிகளையும் அதிலேயே முடிக்கலாம்.

படி 4: பிக்சலைக் குறையுங்கள்

ஜிம்ப்பில் ‘ஸ்கேல் இமேஜ்’ திறந்து, அகலம் 200 என்று எழுதினால் உயரம் தானாக 230 ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் வெட்டியதில் தவறு. திரும்பிப் போய் வெட்டுங்கள். அகலத்தையும் உயரத்தையும் இணைத்துக் காட்டும் சங்கிலிக் குறியைத் துண்டித்துவிட்டு வேறு எண்ணைத் திணிக்காதீர்கள். 200 டிபிஐ கேட்டிருந்தால் அதே பெட்டியில் ‘ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் 200 எழுதிவிடலாம். படம் மாறாது, குறிப்பு மட்டும் பதிவாகும்.

படி 5: கேபியை எல்லைக்குள் கொண்டுவருங்கள்

‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ கொடுத்து, பெயரின் முடிவில் .jpg என்று ஆங்கிலத்தில் சேருங்கள். குவாலிட்டி நகர்த்தியின் அருகே முன்னோட்டம் காட்டும் பெட்டியை டிக் செய்தால், நகர்த்த நகர்த்தக் கோப்பின் எடை எவ்வளவு என்று அங்கேயே தெரியும். விண்டோஸ் 11-இன் ‘போட்டோஸ்’ செயலியில் ‘ரீசைஸ் இமேஜ்’ என்ற பகுதியிலும் இப்படி ஒரு நகர்த்தி இருக்கிறது. பெயின்ட்டில் கிடையாது.

எல்லோரும் 50 கேபியைத் தாண்டிவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 200 × 230 படம் சுருக்கமே இல்லாமல் இருந்தாலும் 138 கேபிதான். ஜேபெக்கில் சாதாரணத் தரத்தில் சேமித்தால் 20-க்கும் கீழே போய்விடுவது உண்டு. அப்போது குவாலிட்டியை 95, 100 என்று மேலே ஏற்றுங்கள். எடையும் கூடும், முகமும் தெளிவாக இருக்கும். படம் 50-ஐத் தாண்டுகிறது என்றால் பெரும்பாலும் பிக்சலைக் குறைக்க மறந்திருப்பீர்கள். முன் படியைச் சரிபாருங்கள்.

கையெழுத்தில் நிலைமை இதைவிடக் கடினம். 140 × 60 படத்தின் முழு எடையே சுமார் 25 கேபி. அதில் முக்கால்வாசி வெறும் வெள்ளை. சுருக்கினால் 10 கேபியை எட்டாமல் நின்றுவிடும். 100 குவாலிட்டி வைத்தாலும் சில சமயம் எட்டாது. ‘என் கையெழுத்தை ஏன் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது’ என்று பலர் அழாத குறையாகக் கேட்பது இந்த இடத்தில்தான். வழி இருக்கிறது: பிக்சல் என்பது விரும்பத்தக்க அளவு மட்டும்தான் என்றால், அதே 7:3 விகிதத்தில் 280 × 120 அல்லது 350 × 150 ஆக வைத்துச் சேமியுங்கள். எடை 10-க்கும் 20-க்கும் நடுவில் வந்து உட்காரும்.

மொத்த வேலையையும் எப்போதும் மூலப் படத்திலிருந்து தொடங்குங்கள். ஜேபெக்கைத் திறந்து திறந்து மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போய்விடும். அளவு சரியில்லை என்றால், கெட்டுப்போன சின்னப் படத்தோடு போராடாமல் பெரிய படத்துக்குத் திரும்புங்கள்.

கையெழுத்து, ரேகை, உறுதிமொழி: தாளிலேயே கட்டம் போடுங்கள்

முழு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு கையெழுத்தைப் போட்டு, தாளோடு சேர்த்துப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். சுருங்கியதும் கையெழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க, பென்சிலால் மெல்லிய கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு 7 × 3 செ.மீ. (140 × 60-இன் அதே விகிதம்), ரேகைக்கு 3 × 3, உறுதிமொழிக்கு 10 × 5. கட்டம் நிறையும்படி எழுதி, கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டினால் விகிதம் தானாகப் பொருந்தும்.

கோடு போடாத வெள்ளைத் தாளும் கறுப்பு மை பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கையெழுத்திடுபவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதக் கூடாது. ஐபிபிஎஸ் அதை ஏற்பதில்லை. ரேகைக்கு விரலில் மை அதிகமானால் கோடுகள் எல்லாம் ஒன்றாகிக் கரும்புள்ளியாகிவிடும். முதலில் வேறு தாளில் ஒருமுறை ஒற்றி, மிச்ச மையில் கட்டத்துக்குள் மெதுவாக வையுங்கள். உறுதிமொழியை 10 செ.மீ. அகலத்துக்குள் நாலைந்து வரியாக எழுதினால் படிக்க முடியும்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் போனே போதும். ஜன்னல் ஓரத்தில் தாளை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் கை நிழல் தாளில் விழுகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செயலிகள் தானாகவே கறுப்பு வெள்ளை ஆக்கும்போது பேனாக் கோட்டின் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும், ஆகவே வண்ணத்திலேயே வையுங்கள்.

படி 6: ஏற்றும் முன்

கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். அங்கே எடை இரண்டு வரியில் இருக்கும். ‘சைஸ்’ என்ற வரிதான் கணக்கு. ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்பது டிஸ்கில் பிடிக்கும் இடம், அது வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 1 கேபி என்பதைச் சில இடங்களில் 1000 பைட்டாகவும் சில இடங்களில் 1024 பைட்டாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே எல்லைக்கு மிக அருகில் நிற்காமல், 50 கேபி என்றால் 45-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரில் இடைவெளி, புள்ளி, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம். சில தளங்கள் அதற்கும் முரண்டு பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘படத்தை இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்’ என்னும் முகம் தெரியாத தளங்களில் கையெழுத்தையும் கைரேகையையும் ஏற்றாதீர்கள். ஒருவருடைய முகம், கையெழுத்து, பெருவிரல் ரேகை மூன்றும் சேர்ந்து ஓரிடத்தில் கிடைப்பது ஆபத்து. மேலே சொன்ன செயலிகள் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்பவை. பிரவுசிங் சென்டரில் செய்தால் வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் மெயிலிலிருந்தும் வெளியே வாருங்கள்.

ஏற்றிய பிறகு தளம் காட்டும் முன்னோட்டத்தை விட்டுவிடாதீர்கள். போட்டோ இடத்தில் கையெழுத்தும் கையெழுத்து இடத்தில் போட்டோவும் போவது அடிக்கடி நடக்கும் தவறு. சில தேர்வுகளில் இப்போது வெப்கேம் அல்லது போன் வழியாக அங்கேயே நேரடிப் படமும் எடுக்கச் சொல்கிறார்கள், அதனால் விண்ணப்பிக்க உட்காரும்போதே வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

வேறு வடிவம் கேட்டால்

வழி அதேதான், எண்கள் மட்டும் மாறும். அமெரிக்க விசாவுக்குச் சதுரப் படம்: 600 × 600 முதல் 1200 × 1200 பிக்சல் வரை, 240 கேபிக்குள். காகிதத்தில் 2 × 2 அங்குலம். தலையின் உயரம் படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும். 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படத்தை அவர்கள் ஏற்பதில்லை. இங்கே 20:23-க்குப் பதில் 1:1 என்று வெட்டுங்கள், அவ்வளவுதான்.

ஏற்றிய அதே படத்தைக் காகிதத்திலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகம், சான்றிதழ் சரிபார்ப்பு என்று பிறகு கேட்பார்கள். இதற்கு 200 × 230 படம் உதவாது. மூலப் படத்திலிருந்து 7:9 விகிதத்தில் வெட்டி 413 × 531 பிக்சலாக இன்னொன்று செய்யுங்கள். 4 × 6 அங்குலத் தாளை 300 டிபிஐ-யில் எடுத்தால் 1200 × 1800 பிக்சல். நீளவாக்கில் நான்கு, குறுக்கே இரண்டு என எட்டுப் படம் அதில் அடங்கும், வெட்டுவதற்கு இடைவெளியும் மிஞ்சும். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல் உள்ள அளவிலேயே அச்சிடச் சொல்லுங்கள்.